நைனாவின் கிளாரினெட்டும் கம்பெனி செட்டும்

காரின் முன்கதவு திறந்திருக்கிறது. வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலில் செருப்பு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. உள்ளேயிருந்து என் கணவரின் குரல் மட்டும் வருகிறது.

“இந்தாம்மா, அந்த டார்ச்ச இப்டி புடி. அங்க இல்ல, இங்க. இங்கன்னா எங்க பாக்கற நீ?”

அவர் தலை ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்கோ இருந்தது. ‘இங்க’ என்பது எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு கால்கள்தான். குத்துமதிப்பாக முழங்காலுக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தேன்.

தங்கை எஸ்தரின் கல்யாணத்துக்கு அன்று மூன்று நாள் பாக்கி. பந்தல்காரர் போனை எடுக்கவில்லை. பத்திரிகை கிடைக்காத சொந்தக்காரர்கள் வரிசையாகப் போன் செய்துகொண்டிருந்தார்கள். வீடே தலைகீழாகக் கிடக்கும்போது நாங்கள் இரண்டு பேர் ஒரு பழைய காரின் பாட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். பார்க்கிறவர்களுக்கு அது கொழுப்பாகத்தான் தெரிந்திருக்கும். அம்மா அதை வாய்விட்டே சொன்னாள்.

“கல்யாணத்த வெச்சிகினு பாட்டு கேக்கறாளாம், பாட்டு!”

எனக்குப் பாட்டுக் கேட்கும் ஆசை எதுவும் இல்லை. அந்தக் கார் கல்யாணப் பெண்ணோடு சர்ச்சுக்குப் போகும் வழியில் ஒரு தெருவைக் கடக்கும். அந்தத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை என் நைனாவின் கிளாரினெட் நிற்காமல் கேட்கவேண்டும். அவ்வளவுதான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

இது என்ன ஆசை என்று கேட்பவர்கள் என்னோடு என் கல்யாணத்துக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போகவேண்டும்.

மே மாதப் பரீட்சை

நைனாவுக்குப் பகலில் அரிசி ஆலையில் வேலை. கிறிஸ்துமஸ், அறுப்புப் பண்டிகை, கல்யாணம் என்று எது வந்தாலும் கிளாரினெட். அவரோடு இரண்டு டிரம்பெட், ஒரு சின்ன டிரம், ஒரு பெரிய டிரம். ஐந்து பேருக்கும் சிவப்புக் கோட்டு உண்டு. கோட்டு ஐந்தும் ஒரே அளவு. ஆட்கள்தான் ஐந்து அளவில் இருந்தார்கள்.

எங்கள் காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஒரே வழி ஒரு நெசவாளர் தெரு. தெருவின் பெயரை எழுதமாட்டேன். அந்தத் தெருப் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள், பெற்றோர் கூட்டத்தில் நான் எல்லோர் முகத்தையும் பார்த்தாக வேண்டும். என்னிடம் இருக்கும் அத்தனை பட்டுச் சேலையும் அங்கே எடுத்ததுதான். சேலை எடுக்கப் போனால் பாய் விரிப்பார்கள், சோடா வரவழைப்பார்கள், “உக்காருங்க டீச்சர்” என்பார்கள். எங்கள் பணம் அந்தத் தெருவில் தாராளமாகப் போய்வரலாம். எங்கள் பேண்டு சத்தம்தான் போகமுடியாது.

போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டம் தெரிந்தவர்கள். ஒருவர் மட்டும் தெருமுனையில் வந்து நிற்பார். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பேசுவார். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருப்பார். ஒரு வீட்டில் பச்சைக் குழந்தை, ஒரு வீட்டில் சீக்காளி, ஒரு வீட்டில் துக்கம். அந்தத் தெருவில் எல்லோரும் நன்றாக இருந்த ஒரு நாளில் எங்கள் காலனியில் கல்யாணமே நடந்ததில்லை.

என் கல்யாணத்தன்று வந்தவர் சொன்னது இது: “பசங்க பரீட்சைக்குப் படிச்சிகினு கீதுங்க. வாத்தியத்த மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கினு போங்க.”

அது மே மாதம். ஊரில் எல்லாப் பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடந்தது. நான் அப்போதுதான் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தேன். எந்த வகுப்புக்கு எந்தப் பரீட்சை என்று கேட்க நாக்கு துடித்தது. கல்யாணப் பெண் பேசக்கூடாதென்று பக்கத்தில் இருந்த அத்தை என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நைனா கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார். துணியால் துடைத்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டு வாடகைக் காருக்கு முன்னால் நடந்தார். மற்ற நான்கு பேரும் சும்மா நடந்தார்கள். தெரு முடியும்வரை கேட்டதெல்லாம் கார் என்ஜினும் தறியும் வீட்டுக்கு வீடு அலறிய ரேடியோவும்தான். பேண்டு கெடுக்கும் படிப்பை ரேடியோ கெடுக்காதுபோலிருக்கிறது.

மெயின் ரோடு வந்ததும் நைனா மறுபடி வாசித்தார். விட்ட இடத்தில் எடுக்கவில்லை, வேறு பாட்டை ஆரம்பித்தார். தன் மகள் கல்யாணத்தில் தான் பாதியில் நிறுத்திய பாட்டைப்பற்றி அவர் அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. நான்தான் பேசிக்கொண்டே இருக்கிறேன். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் சிரிக்கவில்லை என்று என் மாமியார் இத்தனை வருஷமாகக் குறைபட்டுக்கொள்கிறார். காரணம் அவருக்கும் தெரியும்.

ஏழாம் வாய்ப்பாடு

எஸ்தரின் கல்யாணத்துக்குள் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. நைனாவுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. ஆலைத் தவிட்டுத் தூசியை முப்பது வருஷம் இழுத்த நெஞ்சு. ஊதுகிற எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேண்டும் கலைந்தது. இன்னொன்று, நான் கார் வாங்கியிருந்தேன். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் எங்கள் காலனியின் முதல் கார். நான் அதை ஓட்டப் பழகிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, ‘அந்தப் பால் பூத் இப்போது எப்படி இருக்கிறது?’ என்று ஒரு வாசகர் அக்கறையாகக் கேட்டிருக்கிறார். நலமாக இருக்கிறது. சற்றுத் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.

என்னிடம் விரல் நீளத்தில் ஒரு பாட்டு பிளேயரும் இருந்தது. பயிற்சிக் காலத்தில் வகுப்புகளைப் பதிவு செய்வதற்காக வாங்கியது. அதுதான் பதிவாகிறதே என்ற தைரியத்தில் வகுப்பில் தூங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோதும் தூங்கினேன். அதில் உருப்படியாகப் பதிந்தது ஒன்றே ஒன்று. சர்ச் வளாகத்தில் நைனாவின் பேண்டு ஒரு கல்யாணத்துக்காக ஒத்திகை பார்த்தது, முக்கால் மணி நேரம்.

ஆக, திட்டம் எளிது. பிளேயரைக் கார் செட்டில் மாட்டவேண்டும், சத்தத்தை ஏற்றவேண்டும், கண்ணாடியை இறக்கவேண்டும், தெருவைக் கடக்கவேண்டும். பேண்டை நிறுத்தச் சொல்லலாம். சொந்தக் காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவளை, அதுவும் தன் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சரை, நிறுத்தச் சொல்ல எவருக்கும் வாய் வராது என்று நம்பினேன்.

நைனாவிடம் சொன்னேன். “பேஜார் புடிச்ச வேல. உட்டுத் தள்ளு” என்றார். எழுந்து போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்தார்.

“நல்லா பதிஞ்சிக்கீதா?” என்று கேட்டார்.

திட்டத்தில் நான் சேர்க்க மறந்தது காரை. அதில் இருந்தது கம்பெனி செட். காரோடு கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. ஒரு ரேடியோ, சிடி போட ஒரு சந்து, சின்னதாக ஒரு பச்சை வெளிச்சம். வயர் செருக ஒரு ஓட்டைகூட இல்லை. முன்னால் தடவினேன், பக்கத்தில் தடவினேன், கீழே தடவினேன். புளூடூத்தை எல்லாம் அந்தச் செட் கேள்விப்பட்டதே கிடையாது.

பாட்டைச் சிடியில் ஏற்றிப் போடலாம் என்றால், அந்தச் சந்தில் ஏற்கெனவே ஒரு சிடி குடியிருந்தது. காரை விற்றவர் தன் பிள்ளைக்கு வாங்கிய வாய்ப்பாட்டுப் பாட்டு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வெளியே வராது. உள்ளேயிருந்து பாடும். ஏழாம் வாய்ப்பாடு வந்ததும் திக்கும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாள் முழுக்க வகுப்பில் வாய்ப்பாடு கேட்டுவிட்டுக் காரில் ஏறினால் காரும் வாய்ப்பாடு சொல்லும். என் பிள்ளைகளும் ஏழில்தான் திக்குவார்கள் என்பதால் செட்டின்மேல் எனக்கு முழுக் கோபம் வரவில்லை.

டவுனில் கார் சாமான் கடைக்காரர் செட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“மேடம், இத்த கழட்டிப் போட்டுட்டு டச் ஸ்கிரீன் மாட்டிக்குங்க. மேப் வரும், ரிவர்ஸ் கேமரா வரும், படமே பாக்கலாம்.”

“பாட்டு வருமாங்க?”

“எல்லாமே வரும் மேடம். சரக்குதான் அடுத்த வாரம் வரும்.”

கல்யாணம் அதற்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்தது.

மூன்று முறைதான் கேட்கும்

என் கணவர் சாமுவேல் செய்யாறு தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியன். கம்பெனி பஸ்ஸில் போவார், கம்பெனி பஸ்ஸில் வருவார். அந்தப் பஸ்ஸில் பாட்டுப் போடுவது ஒரு தனி அரசியல். போகும்போது முதலில் மூன்று மதத்துக்கும் ஆளுக்கொரு பக்திப் பாட்டு, பிறகு டிரைவருக்குப் பிடித்தது, மேனேஜர் ஏறும் நிறுத்தத்தில் அமைதி. இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது தான்தான் என்று அவர் சொல்லிக்கொள்வார். அதனால் வண்டியில் பாட்டு என்றாலே அவருக்குத் தன்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பு.

“பெரிய பெரிய மிஷினுக்கே லைன் குடுக்கறவன் நானு. இது எம்மாத்திரம்?” என்று இறங்கினார். அவர் எம்மாத்திரம் என்று சொல்லும் வேலைக்கு எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஒதுக்குவது வழக்கம்.

முதல் காரியமாகப் பேட்டரி வயரைக் கழற்றினார். பாதுகாப்பு முக்கியமாம். செட்டின் முதுகில் ஒரு ஓட்டை கட்டாயம் இருக்கும் என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் தேடியதில் ஓட்டை கிடைக்கவில்லை, ஒரு கொத்து வயர் கிடைத்தது. பாட்டுப் போகும் வயர் எதுவென்று ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை. ஆரம்பத்தில் நீங்கள் பார்த்த கால்கள் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை.

தோற்று வெளியே வந்து பேட்டரியை மாட்டினார். செட்டுக்கு உயிர் வந்தது, ஆனால் பாடவில்லை. நான்கு இலக்க ரகசிய எண் கேட்டது. பேட்டரி கழன்றால் தன்னை யாரோ திருடிவிட்டார்கள் என்று அது முடிவுகட்டிவிடுமாம். மூன்று முறைதான் கேட்கும்.

முதலில் கார் நம்பரைப் போட்டார். தப்பு என்றது. தன் பிறந்த நாளைப் போட்டார். இவருடைய பிறந்த நாளைக் கார் கம்பெனிக்காரன் எதற்குக் குறித்து வைத்திருக்கப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. மூன்றாவதாக, என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு, எங்கள் கல்யாண நாளைப் போட்டார்.

“அது நம்ம கல்யாண நாளு இல்லீங்க” என்றேன்.

“அப்ப யார்து?”

“உங்க அண்ணனுது.”

செட் பூட்டிக்கொண்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பந்தல்காரரைப் பார்த்துவருகிறேன் என்று கிளம்பிவிட்டார். மறுநாள் எஸ்தர்தான் எங்களைக் காப்பாற்றினாள். காரோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன அட்டையில் அந்த எண் இருந்தது. எங்கள் குடும்பத்தில் எதையும் பிரித்துப் படிக்கிற ஒரே ஆளை நாங்கள் கட்டிக்கொடுத்து அனுப்பப்போகிறோம் என்று எனக்கு அப்போது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

காலி இடம்

வழியைச் சொன்னதும் அவள்தான். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு சாமான். காரில் சிகரெட் பற்றவைக்க வைத்திருக்கும் ஓட்டையில் அதைச் செருகி, பிளேயரை வயரால் அதில் மாட்டவேண்டும். அது பாட்டைக் காற்றில் அனுப்பும். கார் ரேடியோவில் அதே எண்ணை வைத்தால் பாட்டு வரும். நமக்கே நமக்கென்று ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன். டவுனில் செல்போன் கவர் விற்கும் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கூட வந்த தாளில், எந்த ஸ்டேஷனும் வராத காலி எண்ணாகப் பார்த்து வைக்கவும் என்று போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். என் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“காலி எடத்துல எப்டிம்மா பாட்டு வரும்? கொர்ருன்னு சத்தம்தான் வரும். எங்க பாட்டு க்ளீனா வருதோ, அங்கதான் வெக்கணும்.”

இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் பாட்டு ஸ்டேஷன் ஒன்று உண்டு. அதன் எண்ணிலேயே வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனாவின் கிளாரினெட் வந்துவிட்டது. ஒரு கொர் கிடையாது. ஸ்டேஷன்காரர்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள், இந்தச் சாமான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால் அவர்களை அமுக்கிவிட்டது. என் கணவர் மீசையைத் தடவிக்கொண்டார். தப்பான காரணம் சொல்லிக் காரியத்தை முடித்துவிடும் மனுஷனோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு என் நிலைமை புரியும்.

நைனா காருக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டார். அவருடைய விரல்கள் வேட்டிமேல் தானாக அசைந்துகொண்டிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தெருவில் பாவு

கல்யாணத்தன்று காலை. நான் கார் ஓட்டினேன். முன்சீட்டில் கறுப்புக் கோட்டில் நைனா, பின்னால் எஸ்தரும் அம்மாவும். சொந்தக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். என் கணவர் வழி ஏற்படுத்துகிறேன் என்று பைக்கில் எங்களுக்கு முன்னால் போனார். வழி காலியாகத்தான் இருந்தது.

தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு யாரும் நிற்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பாவு கிடந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டித் தெருவிலேயே சரிபார்ப்பார்கள். பாவு கிடக்கும்போது மந்திரி வண்டியானாலும் ஊர்ந்துதான் போகவேண்டும். மறுபக்கத்து வீட்டு வாசல்களை உரசுகிற மாதிரி ஊர்ந்தேன். கண்ணாடிகளை இறக்கினேன். சத்தத்தை ஏற்றினேன்.

சில வீடுகள் தாண்டியதும் முன்னால் போன பைக் நின்றது. என் கணவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். காருக்கு நேராக இருந்த வீட்டுப் பக்கம் காதைத் திருப்பினார். பைக்கை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

“ஏம்மா, வூட்டு ரேடியோல எல்லாம் மாமா வராரு!”

நெசவு வீடுகளில் தறியில் உட்காரும்போதே ரேடியோவைப் போட்டுவிடுவார்கள். கை, கால், கண் எல்லாம் வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மாதானே இருக்கிறது. தெரு முழுக்க ஒரே ஸ்டேஷன். பாட்டு க்ளீனாக வரும் இடம் என்று என் கணவர் தேடிப் பிடித்தாரே, அதே ஸ்டேஷன். காருடைய ரேடியோ எது, அடுத்தவர் வீட்டு ரேடியோ எது என்று எங்கள் கட்டைவிரல் சாமானுக்கு வித்தியாசம் தெரியாது. கார் எந்த வாசலுக்கு நேராக வந்ததோ, அந்த வீட்டு ரேடியோவில் நைனா வாசித்தார்.

ஒத்திகையின்போது அவர் டிரம்காரரைத் திட்டியதும் பதிவாகியிருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. “டேய், இன்னாத்துக்கு ஜல்தியா போற? கல்யாணமா இது, ரேஸாடா?” என்று கேட்டது தெரு. ஒரு வீட்டில் தறி நின்றது. உள்ளே ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள்.

அப்போதுதான் அவர் வந்தார். தெருவில் நிறையத் தறி வைத்திருப்பவர். அவர் பையன் என் வகுப்பு. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கார் ஜன்னலில் குனிந்தார்.

“டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. உள்ள எங்கப்பா ஒடம்பு முடியாம படுத்துகினு கீறாரு. பாட்ட மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கினு போனீங்கன்னா…”

குரலில் துளி மரியாதைக் குறைவு இல்லை. இவர்கள் எங்களை எப்போதும் மரியாதையாகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நைனா என்னைப் பார்க்காமல் நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தோடு எழுதுகிறேன், நான் கையை நீட்டிச் செட்டின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன். கார் என் பெயரில் இருந்து என்ன, சம்பளம் கவர்மெண்டு சம்பளமாக இருந்து என்ன? கை தானாகப் போனது.

கார் அமைதியானது. கிளாரினெட் நிற்கவில்லை.

நான் மூடியது செட்டின் வாயை மட்டும்தான். பாட்டை அனுப்பும் சாமான் தன் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவருடைய முதுகுக்குப் பின்னால், அவருடைய வீட்டுக்குள், அவருடைய ரேடியோவில் நைனா வாசித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார்.

“நான் நிறுத்திட்டேங்க” என்றேன். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. “இப்ப பாடறது உங்க வூட்லதாங்க.”

எஸ்தர் பூச்செண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் உள்ளே போனார். ரேடியோ இருந்த பக்கம் ஏதோ நகரும் சத்தம் கேட்டது. கூடவே இருமலும், இருமலுக்கு நடுவே ஒரு கிழட்டுக் குரலும் கேட்டன.

“டேய், கைய எட்றா. முடியட்டும்.”

காரை நகர்த்தினால் அந்த வீட்டில் பாட்டு அறுந்துவிடும். பின்னால் இரண்டு பைக்குகள் ஹாரன் அடித்தன. சாமானுக்குக் கரண்ட் நிற்காதபடி சாவியைப் பாதியில் வைத்து என்ஜினை மட்டும் அணைத்தேன். அக்கம்பக்கத்துத் தறிகளும் நின்றிருந்ததால், ஹாரன் ஓய்ந்ததும் அங்கே வேறு சத்தமில்லை. உள்ளே படுத்திருந்தவரும் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவரும் பாட்டு முடியும்வரை கேட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் காரை எடுத்தேன். செட்டின் சத்தத்தை நான் திரும்ப ஏற்றவில்லை. தெருவின் கடைசி வீடுவரை வீடுகளே வாசித்தன.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நிறுத்தச் சொன்னதும் நிறுத்தியவள் நான். நிறுத்தாதது ஒரு மட்டமான சாமானும் என் கணவரின் முட்டாள்தனமும்தான்.

சர்ச் வாசலில் ஐயர், பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இன்னா தேவராஜ், ஜனங்க எல்லாம் காத்துகினு கீறாங்க. வழியில இன்னா லேட்டு?”

நைனா இறங்கினார். மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்றார். எஸ்தர் பிடித்துக்கொள்ளக் கையை மடக்கிக் கொடுத்தார்.

“வழியில பாட்டு கேட்டுகினு இருந்தாங்க ஐயரே” என்றார். “பாதியில நிறுத்த மனசு வரல.”